தசமபாகம் கொடுத்தவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலகளாவிய தேவசபையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கும், அதிலிருந்து பிரிந்த கிளைச் சபைகளில் இன்றும் ஓய்வுநாளைக் கைக்கொண்டு வருபவர்களுக்கும், பெயர் மாறிய தாய்ச்சபையிலேயே நிலைத்துவிட்டவர்களுக்கும், எல்லாவற்றையும் விட்டு விலகிவிட்டவர்களுக்கும் வணக்கம்.

ஹெர்பர்ட் டபிள்யூ. ஆம்ஸ்ட்ராங் 1986 ஜனவரி 16 அன்று, தம் 93ஆம் வயதில், அமெரிக்காவின் பாசடீனா நகரில் காலமானார். வானொலிப் பிரசங்கியாகத் தொடங்கி, உலகளாவிய தேவசபையையும் மூன்று கல்லூரி வளாகங்களையும் பல மொழிகளில் வெளிவந்த ஓர் இலவச இதழையும் நிறுவிய அவரைப் பற்றி அன்றுமுதல் மூன்று வகையான பேச்சுகளே நிலவி வருகின்றன. கடைசிக் காலத்துக்கெனத் தேவன் எழுப்பிய அப்போஸ்தலர் என்கிறது ஒரு தரப்பு. பக்தியைக் காசாக்கிய ஏமாற்றுக்காரர் என்கிறது இன்னொரு தரப்பு. மூன்றாவது தரப்போ அவர் பெயரைச் சொல்லவே கூசி ஒதுங்குகிறது. இம்மூன்றும் ஒன்றுக்கொன்று பகையானவை போலத் தோன்றினாலும், நடந்த எல்லாவற்றுக்கும் அந்த ஒரு மனிதரையே உரிமையாளராக்கிவிடுவதில் ஒன்றுபடுகின்றன. அவர் விட்டுச்சென்றவற்றுள் நல்லவற்றுக்கு விலை கொடுத்தவர்களும் தீயவற்றால் அடிபட்டவர்களும் ஒரே கூட்டத்தார்தாம் என்பதும், அக்கூட்டத்தார் நீங்களே என்பதும், ஆகவே அவரது மரபின் கணக்கு உங்கள் பெயரிலேயே எழுதப்பட வேண்டும் என்பதும் இம்மடலின் வாதம்.

அவர் வந்த வழியைச் சுருக்கமாக நினைவுகூர்வது நல்லது. 1892 ஜூலை 31 அன்று அயோவா மாநிலத்தின் டெ மோய்ன் நகரில், குவேக்கர் மரபைச் சேர்ந்த குடும்பத்தில் அவர் பிறந்தார். குவேக்கர்கள் என்போர் குருமார் அமைப்பையும் சடங்குகளையும் தவிர்த்து, போரில் பங்குகொள்ள மறுக்கும் ஒரு கிறிஸ்தவப் பிரிவினர். இளமையில் அவருடைய தொழில் விளம்பரம் எழுதுவதும், இதழ்களுக்கு விளம்பரம் திரட்டுவதுமாக இருந்தது. சிகாகோவில் செழித்திருந்த அத்தொழில் 1920ஆம் ஆண்டின் பொருளாதாரச் சரிவில் நொறுங்கியபின், 1924இல் குடும்பத்துடன் மேற்குக் கரையிலுள்ள ஆரெகன் மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருடைய மனைவி லோமா, சனிக்கிழமையே உண்மையான ஓய்வுநாள் என்ற நம்பிக்கைக்கு வந்ததும், அதைத் தவறென்று நிரூபிக்கப் புறப்பட்டு நூலகத்தில் அமர்ந்த கணவர் இறுதியில் தாமே அதற்கு இணங்கியதும் அவரது தன்வரலாற்றின் மையக் கதை. ஏழாம் நாள் தேவசபை என்னும் சிறிய அமைப்பின் ஆரெகன் கிளை 1931இல் அவரை ஊழியராக அபிஷேகம் செய்தது. 1934 ஜனவரி 7 அன்று, யூஜீன் நகரில் வெறும் 100 வாட் ஆற்றலுடன் இயங்கிய கோர் என்னும் வானொலி நிலையத்திலிருந்து அவருடைய வாராந்தர நிகழ்ச்சி தொடங்கியது. அடுத்த மாதமே, கைப்பிரதிப் பொறியில் உருட்டி எடுத்த சில நூறு படிகளோடு பிளெயின் ட்ரூத் என்ற இதழ் வெளிவந்தது.

அந்நாளைய அமெரிக்க வானொலியில் சமயப் பேச்சாளர்களுக்குப் பஞ்சமில்லை. லாஸ் ஏஞ்சலிஸில் எய்மி செம்பிள் மக்பர்சன் 1924 முதலே சொந்த நிலையம் நடத்தினார். டெட்ராய்ட் அருகிலிருந்து கத்தோலிக்கப் பாதிரியார் சார்ல்ஸ் காக்லின் கோடிக்கணக்கானோரிடம் அரசியல் பேசி, இறுதியில் யூத வெறுப்பைப் பரப்பினார். ஆம்ஸ்ட்ராங் இவர்களிடமிருந்து விலகி நின்றது ஒரு விஷயத்தில்: அவர் கண்ணீரை அழைக்கவில்லை, அலைவரிசையில் காசு கேட்கவும் இல்லை. செய்தி வாசிப்பவரின் தொனியில், அன்றாட உலக நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு, அவற்றின் உட்பொருள் வேதத்தில் முன்பே எழுதப்பட்டிருக்கிறது என்று உறுதியாகப் பேசினார். 1942இல் நிகழ்ச்சிக்கு 'நாளைய உலகம்' எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. 1947இல் பாசடீனாவில் அம்பாசடர் கல்லூரி நான்கே மாணவர்களுடன் திறக்கப்பட்டது. 1953 ஜனவரியில் ரேடியோ லக்ஸம்பர்க் வழியாக அவர் குரல் ஐரோப்பாவை எட்டியது. 1980களின் நடுவில் இதழின் படிகள் ஏழு மொழிகளில் 80 லட்சத்தைத் தாண்டின.

இந்த வளர்ச்சியின் பொறிநுட்பம் கூர்ந்து நோக்கத் தக்கது. வானொலி கேட்பவர் ஒரு கடிதம் எழுதினால் இதழ் இலவசமாக வரும்; அதன் சந்தா முன்பே செலுத்தப்பட்டுவிட்டது என்று அதில் அச்சிட்டிருக்கும். அடுத்துச் சிறுநூல்களும் தபால்வழி வேதப் பாடமும் வரும், அவையும் இலவசம். கேட்காமலே ஒருவர் பணம் அனுப்பினால் அவர் 'உடன்வேலையாள்' என்ற பட்டியலில் சேர்க்கப்படுவார். ஆம்ஸ்ட்ராங் கையெழுத்திட்ட மாதக் கடிதம் அவருக்குத் தொடர்ந்து வரும். பணத்தின் அவசரம் அக்கடிதங்களில்தான் பேசப்படும். சபை எங்கே கூடுகிறது என்பது பொதுவில் அறிவிக்கப்படாது. விரும்பி எழுதிக் கேட்பவரின் வீட்டுக்கு ஊழியர்கள் வந்து, அவரது மனநிலையை அறிந்த பின்னரே ஆராதனைக்கு அழைப்பார்கள். விளம்பரத் தொழிலில் தேர்ந்த ஒருவர், வாங்குபவரைத் துரத்தாமல் வாங்குபவரே தேடி வரும்படி செய்த ஏற்பாடு இது. ஆனால், அதை வெறும் தந்திரம் என்று ஒதுக்குவது உங்களில் பலரின் அனுபவத்துக்கு அநீதியாகும். புத்தகக் கடை எட்டாத பண்ணை வீடுகளுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் நல்ல தாளில், வண்ணப் படங்களுடன், உலக அரசியலையும் குடும்ப வாழ்வையும் விண்வெளியையும் பற்றிப் பேசும் ஓர் இதழ் காசில்லாமல் வந்தது. அதை வாசித்து வேதத்தைத் தாமே திறந்து ஒப்புநோக்கிப் பார்க்கக் கற்றவர்கள் எண்ணற்றோர். அந்தப் பழக்கமே பின்னாளில் பலரை அவருடைய போதனைகளைச் சோதிக்கவும் வைத்தது.

போதனையின் உள்ளடக்கம் பிற கிறிஸ்தவர்களுக்கு அந்நியமாக இருந்தது. ஓய்வுநாளோடு பஸ்கா, புளிப்பில்லாத அப்பப் பண்டிகை, பெந்தெகொஸ்தே, எக்காளப் பண்டிகை, பாவநிவாரண நாள், கூடாரப் பண்டிகை ஆகிய பழைய ஏற்பாட்டுப் பண்டிகைகள் கட்டாயமாயின. கிறிஸ்துமசும் ஈஸ்டரும் பிறந்தநாளும் புறச்சமய வழக்கங்களென விலக்கப்பட்டன. லேவியராகமம் தடுத்த பன்றியும் இறாலும் தட்டிலிருந்து அகன்றன. பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மூவரும் ஒரே தெய்வம் என்னும் திரித்துவக் கோட்பாடு மறுக்கப்பட்டு, தேவன் ஒரு குடும்பம் என்றும் மனிதர் அக்குடும்பத்தில் பிறக்கும் தகுதியுடையோர் என்றும் கற்பிக்கப்பட்டது. உறுப்பினர்கள் வாக்களிக்கவில்லை, படையில் சேரவில்லை. இவற்றுள் எது சரி எது பிழை என்பது இறையியலாளரின் வழக்கு. ஆனால், அண்டை வீடெல்லாம் விளக்கேற்றிக் கொண்டாடும் நாளில் தம் நம்பிக்கைக்காக ஒதுங்கி நின்ற பெற்றோரும், கட்டாய ராணுவச் சேவையை மனச்சான்றின் பெயரால் மறுத்த இளைஞர்களும் கோழைகள் அல்லர். அத்துணிவு ஆம்ஸ்ட்ராங்குக்குச் சொந்தமானதன்று, அவரவர்க்குச் சொந்தமானது.

அத்துணிவுக்கு விதிக்கப்பட்ட விலையை எண்களில் பார்க்க வேண்டும். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு, வரி பிடிப்பதற்கு முந்தைய தொகையில் கணக்கிட்டு, முதல் தசமபாகமாகத் தலைமையகத்துக்குச் சென்றது. இன்னொரு பத்தில் ஒரு பங்கு, இரண்டாம் தசமபாகம் என்ற பெயரில், பண்டிகைப் பயணத்துக்கென்று குடும்பமே ஒதுக்கி வைக்க வேண்டியது. ஏழாண்டுச் சுழற்சியில் மூன்றாம் ஆண்டிலும் ஆறாம் ஆண்டிலும், விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் என்று சொல்லி, மூன்றாம் தசமபாகம் பெறப்பட்டது. ஆண்டுக்கு 10,000 டாலர் சம்பாதித்த தொழிலாளி ஒருவர் சாதாரண ஆண்டில் 2,000 டாலரையும், மூன்றாம் ஆண்டில் 3,000 டாலரையும் இவ்வாறு எடுத்து வைத்த பிறகே வரியும் வாடகையும் கட்டினார். ஏழு திருநாள் காணிக்கைகளும் கட்டட நிதியும் இதில் சேரவில்லை. வாடகைக்கும் உணவுக்கும் இடையே திண்டாடிய வீடுகளில் வளர்ந்தவர்கள் இந்தக் கணக்கை எண்களின்றியே அறிவார்கள்.

அதே வீடுகளில் வளர்ந்தவர்கள் இன்னொன்றையும் அறிவார்கள். இரண்டாம் தசமபாகத்தால் ஆண்டுக்கொரு முறை, இலையுதிர்காலத்தில், எட்டு நாட்கள், முழுக் குடும்பமும் ஊரை விட்டுப் புறப்பட்டு, டெக்சாஸின் பிக் சாண்டியிலோ ஜார்ஜியாவின் ஜெக்கில் தீவிலோ ஆயிரக்கணக்கானோருடன் கூடாரப் பண்டிகையைக் கொண்டாடியது. ஆண்டு முழுவதும் பள்ளியில் தனித்து நின்ற குழந்தைக்கு, தன்னைப் போன்றே கிறிஸ்துமஸ் கொண்டாடாத ஆயிரம் குழந்தைகள் அங்கே கிடைத்தார்கள். ஏழைத் தொழிலாளியும் அந்த எட்டு நாட்களில் நல்ல உணவகத்தில் அமர்ந்து உண்டார். விலகியவர்கள் எழுதியுள்ள நினைவுக் குறிப்புகளில் கசப்பு மிகுந்தவைகூட இப்பண்டிகையைப் பற்றி எழுதும் இடத்தில் குரல் தணிகின்றன. அந்த மகிழ்ச்சி பொய்யென்று எவரும் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை; அது உங்கள் பெற்றோரின் உழைப்பால் வந்தது.

இனி, மன்னிக்க எளிதல்லாதவற்றுக்கு வரலாம். ஆம்ஸ்ட்ராங்கின் மிகப் பரவலான நூல், அமெரிக்காவும் பிரிட்டனும் தீர்க்கதரிசனத்தில் பெறும் இடத்தைப் பற்றியது. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரியரால் சிறைபிடிக்கப்பட்ட வட இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்கள் வடமேற்கு ஐரோப்பாவில் குடியேறின என்றும், பிரிட்டன் எப்பிராயீமின் வழி வந்தது, அமெரிக்கா மனாசேயின் வழி வந்தது என்றும் அது வாதிட்டது. இக்கொள்கைக்குப் பிரிட்டிஷ் இஸ்ரவேல் கொள்கை என்று பெயர். அது ஆம்ஸ்ட்ராங் கண்டுபிடித்ததன்று. ஜே. எச். ஆலன் 1902இல் வெளியிட்ட நூலுக்கு அவருடைய நூல் பட்டிருக்கும் கடன் பெரிது என்பதை இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பவர் எளிதில் காண்பார். கி.மு. 718ஐத் தொடக்கமாக வைத்து, 'ஏழு காலங்கள்' என்னும் வேதத் தொடரை 360இன் ஏழு மடங்காகிய 2,520 ஆண்டுகள் என்று கொண்டு, லூசியானா நிலப்பரப்பை அமெரிக்கா வாங்கிய 1803ஆம் ஆண்டில் ஆசீர்வாதம் வந்து சேர்ந்தது என்று அவர் கணக்கிட்டார். தொல்லியலும் மொழியியலும் மரபியலும் இக்கொள்கைக்குச் சிறு ஆதாரமும் தரவில்லை. அதைவிடப் பாரமானது அதன் விளைவு: பேரரசுகள் ஆயுதத்தாலும் வணிகத்தாலும் கைப்பற்றிய நிலங்களைத் தேவன் கொடுத்த பிறப்புரிமையாக அது காட்டியது, வெள்ளையர் அல்லாத உறுப்பினர்களைத் தம் சொந்தச் சபையின் கதையில் ஓரத்தில் நிற்க வைத்தது. இனங்கலந்த திருமணத்தை ஆம்ஸ்ட்ராங் இறுதிவரை எதிர்த்தார். கறுப்பின உறுப்பினர்களும் ஆசிய ஆப்பிரிக்க உறுப்பினர்களும் தசமபாகத்தை முழுதாகவே கொடுத்தார்கள்.

அடுத்தது காலக் கணிப்பு. வானொலி ஊழியம் 1934 ஜனவரியில் தொடங்கியது. சரியாகப் 19 ஆண்டுகள் கழித்து, 1953 ஜனவரியில், ஐரோப்பாவின் கதவு திறந்தது. எனவே தேவன் தம் பணியைப் 19 ஆண்டுச் சுழற்சிகளில் நடத்துகிறார் என்றும், இரண்டாம் சுழற்சி 1972 ஜனவரியில் முடியும்போது சபை யோர்தானின் பாறை நகரமாகிய பெட்ராவைப் போன்றதோர் அடைக்கல இடத்துக்குத் தப்பிச் செல்லும் என்றும், மூன்றரை ஆண்டு உபத்திரவத்துக்குப் பின் 1975இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்றும் கற்பிக்கப்பட்டது. 1956இல் வந்த '1975 தீர்க்கதரிசனத்தில்' என்ற பொருள்படும் சிறுநூலுக்குப் படம் வரைந்தவர் பேசில் வுல்வர்ட்டன் என்னும் புகழ்பெற்ற கேலிச்சித்திரக்காரர். அவரும் சபை உறுப்பினரே. இடிந்த நகரங்களையும் அலறும் முகங்களையும் காட்டும் அப்படங்கள் சிறுபிள்ளைகள் இருந்த வீடுகளின் மேசைமேல் கிடந்தன. கல்லூரிப் படிப்பு எதற்கு, வீடு வாங்குவது எதற்கு, ஓய்வுக்காலச் சேமிப்பு எதற்கு என்று முடிவெடுத்த குடும்பங்கள் அந்த நூலை நம்பி முடிவெடுத்தன. 1972 வந்து போனது. 1975உம் வந்து போனது. தாம் உறுதியாகத் தேதி குறித்ததில்லை என்று ஆம்ஸ்ட்ராங் பின்னர் விளக்கினார். சிறுநூல் மறைந்துபோயிற்று, படிக்காமல் விட்ட பிள்ளைகள் மட்டும் வளர்ந்துகொண்டிருந்தார்கள். தவறியது கணிப்பு மட்டுமென்றால் மன்னிக்கலாம். தவறு நேர்ந்ததை ஒப்புக்கொள்ளாமல், அதை நம்பியவர்களின் அவசரபுத்தியின் மேல் பழி போட்டதே பெருங்குற்றம் என்பது இம்மடலின் தீர்ப்பு.

மருத்துவமும் திருமணமும் இன்னும் நெருக்கமான இடங்கள். நோயுற்றவர் சபை மூப்பர்களை அழைத்து எண்ணெய் பூசி ஜெபிக்கச் செய்ய வேண்டும் என்னும் யாக்கோபு நிருபத்தின் கட்டளை, மருத்துவரை நாடுவது விசுவாசக் குறைவு என்று விரித்துப் பொருள்கொள்ளப்பட்டது. இறந்தோரின் பட்டியல் ஒன்று தொகுக்கப்பட்டிருந்தால் இங்கே சொல்ல முடியும், அது தொகுக்கப்படவில்லை. 1987இல், நிறுவனர் மறைந்த மறு ஆண்டில்தான், மருத்துவத்துக்கு எதிரான அப்போதனை முறையாகத் தளர்த்தப்பட்டது. மணவிலக்கைப் பொறுத்தவரை, முதல் திருமணம் முறிந்து மறுமணம் செய்தவர்கள், அம்மறுமணத்தில் குழந்தைகள் இருந்தாலும், ஞானஸ்நானம் பெறப் பிரிந்து வாழ வேண்டும் என்ற விதி 1974 வரை நடைமுறையில் இருந்தது. ஊழியர்கள் வீட்டுக்கு வந்து, பழைய திருமணங்களின் விவரங்களை விசாரித்து, சேர்ந்து வாழும் கணவனையும் மனைவியையும் பிரித்தார்கள். விதி மாறி மூன்றே ஆண்டுகளில், 1977இல், மனைவியை இழந்திருந்த ஆம்ஸ்ட்ராங் மணவிலக்குப் பெற்ற ஒரு பெண்ணை மணந்துகொண்டார். அத்திருமணமும் 1984இல் மணவிலக்கில் முடிந்தது. அவர் மணந்ததில் குற்றமில்லை. அதே உரிமை மறுக்கப்பட்டு உடைந்த குடும்பங்களுக்கு எவரும் எழுந்து நின்று பதில் சொல்லவில்லை என்பதே குற்றம்.

அவருடைய தனிவாழ்வைப் பற்றி இவற்றைவிடக் கடுமையான குற்றச்சாட்டுகள், முன்னாள் ஊழியர் ஒருவர் 1980இல் வெளியிட்ட நூல் முதலாக அச்சில் உள்ளன. எந்த நீதிமன்றமும் அவற்றை விசாரித்துத் தீர்ப்புச் சொல்லாததால் இம்மடல் அவற்றின்மேல் தன் வாதத்தைக் கட்டவில்லை. அவை இல்லாதவை போல நடந்துகொள்ளவும் இல்லை.

1970கள் முதல் ஆம்ஸ்ட்ராங் உலகத் தலைவர்களைத் தேடிப் பறந்தார். சொந்த ஜெட் விமானத்தில் சென்று, எத்தியோப்பியாவின் ஹைலி செலாசி முதல் சீனாவின் டெங் சியாவோபிங் வரை பலரைச் சந்தித்து, பரிசுகள் வழங்கி, நிழற்படம் எடுத்துக்கொண்டார். உலக அமைதிக்கான தூதர் என்ற அடைமொழி அவருக்குச் சூட்டப்பட்டது. அச்சந்திப்புகள் எந்தப் போரையும் நிறுத்தியதாகச் சான்றில்லை. ஆனால், அதே காலத்தில் அதே பணத்தால் நிகழ்ந்த இரண்டு செயல்களுக்கு நிலையான பெறுமதி உண்டு. ஒன்று, 1968இல் தொடங்கி எருசலேமில் ஆலய மலையின் அடிவாரத்தில் பெஞ்சமின் மசார் தலைமையில் எபிரேயப் பல்கலைக்கழகம் நடத்திய அகழாய்வு. அம்பாசடர் கல்லூரி அதற்குப் பணம் கொடுத்ததோடு, அதன் மாணவர்கள் கோடைதோறும் சென்று மண் சுமந்தார்கள். மற்றொன்று, 1974 ஏப்ரலில் கார்லோ மரியா ஜூலினி நடத்திய வியன்னா சிம்ஃபனி இசைக்குழுவின் நிகழ்ச்சியுடன் பாசடீனாவில் திறக்கப்பட்ட அம்பாசடர் அரங்கம். சுமார் 1,200 இருக்கைகள் கொண்ட அந்த அரங்கத்தின் ஒலியமைப்பை இசைக்கலைஞர்கள் போற்றினார்கள். ஆர்தர் ரூபின்ஸ்டைன் அங்கே வாசித்தார். இருபது ஆண்டுகள் அது தெற்குக் கலிபோர்னியாவின் இசை வாழ்வில் ஒரு தூணாக நின்றது. எண்ணற்ற இசை ரசிகர்கள் அங்கே வந்து போனார்கள். அந்த அரங்கைக் கட்டக் காசு அனுப்பியவர்களில் பெரும்பாலோர் அதில் ஒரு கச்சேரிகூடக் கேட்டவர்கள் அல்லர்.

எருசலேமோடு இன்னொரு நிகழ்வும் பிணைந்திருக்கிறது. 1969 ஆகஸ்ட் 21 அன்று மைக்கேல் டெனிஸ் ரோஹன் என்ற ஆஸ்திரேலியர் அல் அக்சா பள்ளிவாசலுக்குத் தீ வைத்தார். சலாதீன் காலத்து மிம்பர், அதாவது பிரசங்க மேடை, அத்தீயில் அழிந்தது. ஆலயம் மீண்டும் எழ வேண்டும் என்ற எண்ணம் தமக்கு ஆம்ஸ்ட்ராங்கின் எழுத்துகளால் ஊட்டப்பட்டது என்று அவர் சொன்னார்; அவர் இதழின் சந்தாதாரர் மட்டுமே, உறுப்பினர் அல்லர் என்று சபை விலகிக்கொண்டது. அவர் மனநோயாளி என்று நீதிமன்றம் கண்டது. சபை தீ வைக்கச் சொல்லவில்லை என்பது உண்மை. ஆயினும், உலக முடிவைத் தேதியோடு எழுதி லட்சக்கணக்கான முகம் தெரியாத வாசகர்களுக்கு அனுப்பும் எவரும், அதை அப்படியே நம்பிவிடும் ஒருவருக்கும் பொறுப்பேற்க வேண்டும். சதுரங்க உலக வாகையர் பாபி ஃபிஷரும் அவ்வாறு நம்பியவர்களுள் ஒருவர்: 1972இல் வென்ற பரிசிலிருந்து 60,000 டாலருக்கு மேல் கொடுத்து, கணிப்புகள் பொய்த்தபின் ஆம்ஸ்ட்ராங்கை வெளிப்படையாகக் கண்டித்து விலகினார். அவர் புகழ்பெற்றவர் என்பதால் அவர் கொடுத்த தொகை அச்சேறியது, பிறருடையது ஏறவில்லை.

நிறுவனத்தின் பணக்கணக்கு ஒருமுறை வெளிச்சத்துக்கு மிக அருகில் வந்தது. ஆம்ஸ்ட்ராங்கின் மகனும், நிகழ்ச்சியின் பேரன்புக்குரிய குரலுமாகிய கார்னர் டெட் 1978இல் தந்தையால் சபைநீக்கம் செய்யப்பட்டார். அடுத்து, முன்னாள் உறுப்பினர்கள் சிலரின் புகாரை ஏற்று, 1979 ஜனவரி 3 அன்று கலிபோர்னியா மாநிலத் தலைமை வழக்கறிஞர் அலுவலகம் நீதிமன்ற ஆணையுடன் தலைமையகத்துக்குள் நுழைந்தது; ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய சட்ட ஆலோசகர் ஸ்டான்லி ரேடரும் சபைப் பணத்தைச் சொந்தச் செலவுக்கு எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நீதிமன்றம் நியமித்த பொறுப்பாளர் உள்ளே வரமுடியாதபடி, உறுப்பினர்கள் குழந்தைகுட்டிகளோடு வந்து கட்டடத்தை நிரப்பி, நடைக்கூடங்களில் பாடி ஜெபித்தார்கள். ஒரு சபையின் பணத்தை அரசு ஆராயத் தொடங்கினால் எல்லாச் சபைகளின் சுதந்திரமும் ஆபத்துக்குள்ளாகும் என்று, கோட்பாட்டில் உடன்படாத பிற சபைகளும் குரல் கொடுத்தன. 1980இல் மாநிலச் சட்டமன்றம் தலைமை வழக்கறிஞரின் அந்த அதிகாரத்தைக் குறைத்துச் சட்டம் இயற்ற, வழக்கு கைவிடப்பட்டது. அன்று நடைக்கூடத்தில் அமர்ந்தவர்கள் ஒரு நியாயமான உரிமையைக் காத்தார்கள். அரசின் கை ஓங்கியதைத் தடுத்ததும் சரியே. ஆனால், அரசிடம் சொல்ல வேண்டியதில்லை என்று வென்ற கணக்கை உறுப்பினர்களிடமாவது சொல்லியிருக்க வேண்டும், அது நடக்கவில்லை.

பின்வந்த ஜோசப் டிகாச் காலத்தில் நிகழ்ந்தது சமய வரலாற்றில் அரிய ஒன்று. 1994 டிசம்பர் 24 அன்று அட்லாண்டாவில் ஆற்றிய பிரசங்கத்தில், பழைய உடன்படிக்கையின் ஓய்வுநாளும் பண்டிகைகளும் தசமபாகமும் கிறிஸ்தவர்மேல் கட்டாயமல்ல என்று அவர் அறிவித்தார். திரித்துவம் ஏற்கப்பட்டது, பிரிட்டிஷ் இஸ்ரவேல் கொள்கை கைவிடப்பட்டது. பாதிக்கும் மேற்பட்டோர் வெளியேறினார்கள், வருமானம் சரிந்தது, இசையரங்கம் 1995இலும் கல்லூரி 1997இலும் மூடப்பட்டன, பாசடீனா வளாகம் துண்டு துண்டாக விற்கப்பட்டது. டிகாச் 1995இல் மறைந்தபின் பொறுப்பேற்ற அவருடைய மகன், 1996இல் பிளெயின் ட்ரூத் இதழிலேயே, சபை போதித்த பிழைகளுக்காக உறுப்பினர்களிடமும் முன்னாள் உறுப்பினர்களிடமும் மன்னிப்புக் கேட்டு எழுதினார். தம் நிறுவனரின் அடிப்படைகளையே தவறென்று சொல்லி, செல்வத்தை இழக்கத் துணிந்த ஒரு தலைமையை மதிக்காமல் இருக்க முடியாது. ஆயினும் கோட்பாடு மேலிருந்து வந்தது போலவே திருத்தமும் மேலிருந்தே வந்தது. முப்பது ஆண்டுகள் ஓய்வுநாளுக்காக வேலை இழந்த ஒருவரிடம், அது தேவைப்படவில்லை என்று ஒரு பிரசங்கத்தில் சொல்லிவிட்டு, அந்த முப்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசாமல் போனார்கள். மன்னிப்பு கேட்கப்பட்டது, விசாரணை நடக்கவில்லை.

ஒரு வழக்கு இதைத் தெளிவாகக் காட்டும். 1985இல் ஆம்ஸ்ட்ராங் வெளியிட்ட அவரது கடைசிப் பெருநூலைத் தாய்ச்சபை அச்சிடுவதை நிறுத்தியது. 1989இல் ஜெரால்டு ஃப்ளரி தொடங்கிய பிலடெல்பியா தேவசபை அதை அனுமதியின்றி அச்சிட்டது. தாய்ச்சபை பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. 2000இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தாய்ச்சபைக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. இறுதியில் 2003இல், 19 எழுத்துகளின் உரிமையை 30 லட்சம் டாலருக்குக் கிளைச் சபை வாங்கிக்கொண்டது. பிழை நிறைந்தது என்று தாய்ச்சபை அறிவித்த நூல், அது விற்ற சொத்தும் ஆயிற்று. அந்த எழுத்துகளை முதலில் அச்சிட்டு, தபால்தலை ஒட்டி, உலகெங்கும் இலவசமாக அனுப்பப் பணம் கொடுத்தவர்கள் இவ்வழக்கின் இரு பக்கத்திலும் இல்லை.

கிளைச் சபைகளில் தொடர்பவர்களே, ஓய்வுநாளையும் பண்டிகையையும் காப்பது உங்கள் உரிமை. அதைப் பறிக்க இம்மடல் விரும்பவில்லை. ஆனால், விலகிப்போன தாயோடும் பிள்ளையோடும் பேசக் கூடாது என்ற கட்டளை உங்கள் சபைகள் சிலவற்றில் இருக்கிறது. அதற்கு வேதத்தில் எந்த வசனத்தைக் காட்டினாலும் அது கொடுமையே; அதை நிறுத்துங்கள். 1975 சிறுநூலை உங்கள் இளைஞர்களின் கையில் கொடுத்து, என்ன நடந்தது என்று உள்ளபடி சொல்லுங்கள். உண்மையைக் கேட்டபின்னும் நிற்கும் விசுவாசமே உங்களுக்கு மரியாதை தரும்.

2009 முதல் கிரேஸ் கம்யூனியன் இன்டர்நேஷனல் என்ற பெயரில் இயங்கி, இன்று வட கரோலினாவின் ஷார்லட் நகரில் தலைமையகம் கொண்டுள்ள தாய்ச்சபைக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உடன்வேலையாள் கடிதங்கள், தசமபாகப் பேரேடுகள், மூன்றாம் தசமபாக நிதியின் வரவுசெலவு, மணமுறிவு விசாரணைக் குறிப்புகள், மருத்துவம் மறுத்து இறந்தவர்களைப் பற்றிய கடிதங்கள் எனக் கைவசம் உள்ளவை எவையாயினும், தனியாரின் பெயர்களை மறைத்து, நடுநிலையான ஒரு பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வாளர்களுக்குத் திறந்து வையுங்கள். இழந்த சொத்தை எவரும் திருப்பிக் கேட்கவில்லை. என்ன ஆயிற்று என்றுதான் கேட்கிறார்கள்.

விலகியவர்களுக்குச் சொல்ல வேண்டியது சிறிது. ஏமாந்தவர்கள் என்ற பெயரை ஏற்க மறுங்கள். ஒரு குரலை நம்பி, நல்ல உலகம் வரும் என்று எண்ணி, அதற்காகத் தம் உணவைக் குறைத்துக்கொண்டவர்களின் பெருந்தன்மையை, அதைத் தவறாகப் பயன்படுத்தியவரின் குற்றத்தோடு சேர்த்து எழுதக் கூடாது. 1950களில் வானொலி கேட்டுச் சபைக்கு வந்தவர்களுக்கு இப்போது எண்பது, தொண்ணூறு வயதாகிறது. அவர்கள் எந்தச் சபையில் இருந்தாலும், எதை நம்பினாலும், நேரில் சென்று, எவ்வளவு கொடுத்தார்கள், எதற்காகக் கொடுத்தார்கள், எதைப் பெற்றார்கள், எதை இழந்தார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே பதிவு செய்து வையுங்கள்.